நான்காவது லேயர்

“என்னோட நெஜ ரெஸ்யூமேவ அனுப்புங்க அங்கிள். பன்னண்டு மணிக்குள்ள.”

சமோசாவைச் சட்னியில் தோய்த்த கோபாலசாமி அங்கிள் அப்படியே நிறுத்தினார். காலை பத்தரை மணி. அமெரிக்காவில், எடிசன் நகரத்து ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய கன்சல்டன்சி. படித்து முடித்து வேலை கிடைக்காத எங்களைப் போன்றவர்களைக் கெஸ்ட் ஹவுஸில் தங்க வைத்து, ஆறு வாரம் வகுப்பு எடுத்து, கம்பெனிகளுக்கு ஒப்பந்த ஆட்களாக அனுப்புவது அவர் தொழில்.

“என்ன கேட்டே அம்மணி?”

“ஏழு வருஷ அனுபவம்னு எழுதி கிளையன்ட்டுக்கு அனுப்பியிருக்கீங்கல்லங்க, அது வேண்டாம். எனக்கு அனுபவம் சைபர். சைபர்னு போட்டத அனுப்புங்க.”

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எங்களுக்கு வகுப்பு எடுக்கும் சுஹாஸ், ஜன்னலோரம் லேப்டாப்பும் காபியுமாக. என் அறைத்தோழி ரக்ஷா, அடுத்த கிளையன்ட் விஷயம் கேட்க வந்தவள், சுவரோரம். ரக்ஷா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள்: உட்காரு.

நான் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்த அன்றே சட்டதிட்டம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். “ஹீட்டர் போடலன்னா கேளு. வெள்ளிக்கிழமை மளிகைக்குப் போக கார் கேளு. ஏன், வீக்கெண்டுக்கு பிரியாணி கூட கேளு, வாங்கித் தருவாரு. ரெஸ்யூமே பத்தி மட்டும் வாயத் தொறக்காத. ஒருத்தி கேட்டா. அடுத்த வாரம் அவ வாட்ஸ்அப் க்ரூப்லயே இல்ல.”

அந்த ரெஸ்யூமேயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர் என்னுடையது, சண்முகப்ரியா. மற்றதெல்லாம் வேறு யாரோ. திருச்செங்கோட்டில் நான் பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த டிசம்பரில், ஹைதராபாத்தில் ஒரு வங்கியின் சர்வர்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேனாம். கூடவே மூன்று பேரை மேய்த்திருக்கிறேனாம். பதினேழு வயதில்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்கென்று அரசாங்கமே முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுக்கும். அதற்காக விஏஓ வீட்டுக்கு வந்து, தாத்தா தொடங்கி அண்ணன்வரைக்கும் ஒவ்வொருவராக விசாரித்து, “நெசமாவே ஒருத்தரும் காலேஜ் போகலையா?” என்று நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை என்பதற்கே அத்தனை சாட்சி கேட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு, செய்யாத வேலைக்கு ஏழு வருடம் என்று இங்கே ஒரே மதியத்தில் டைப் அடித்துக் கொடுத்தார்கள்.

ஐந்து வாரம் நானும் பேசாமல்தான் இருந்தேன். நான் ஒன்றும் உத்தமி இல்லை. மாஸ்டர்ஸ் முடித்தபின் வேலை இல்லாமல் தொண்ணூறு நாள்தான் இந்த நாட்டில் இருக்க விடுவார்கள். இந்த வியாழக்கிழமையோடு எழுபத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு நாளில் வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அந்தப் பயம் வாயைத் தைத்து வைத்திருந்தது.

தையல் பிரிந்தது இந்த வாரம்.

திங்கட்கிழமை நியூவார்க்கிலிருந்து ஒரு கிளையன்ட் வந்தது. மருந்துகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி. அவர்கள் வைத்த பரீட்சை நேரடியானது. ஒரு சின்ன அப்ளிகேஷனைக் கொடுத்தார்கள். அதைக் கன்டெய்னர் இமேஜாகக் கட்டி, வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குள் அவர்கள் சர்வரில் ஏற்றவேண்டும். இரண்டு மணிக்கு வீடியோ காலில், எழுதிய ஒவ்வொரு வரியையும் ஏன் எழுதினோம் என்று சொல்லவேண்டும். முகவரி, பாஸ்வேர்ட் எல்லாம் என் மெயிலுக்கே நேராக வந்தது.

சுஹாஸ் வகுப்பில் கன்டெய்னர் என்பது நூற்றி நாற்பது கேள்வி, நூற்றி நாற்பது பதில். மனப்பாடம் செய்தால் போதும். மனப்பாடம் வராதவர்களுக்கு மாற்று ஏற்பாடும் உண்டு. வீடியோ காலில் நாம் வாயை மட்டும் அசைப்போம். பக்கத்து அறையிலிருந்து சுஹாஸ் பேசுவான். பெண்களுக்கு என்றால் குரலை மாற்றித் தரும் சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருந்தான்.

எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. திங்கள் மதியமே ஆவணங்களைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் கோபம்தான் வந்தது. இவ்வளவு எளிதான விஷயத்தையா இத்தனை நாள் மந்திரம் மாதிரி ஒப்பிக்க வைத்தார்கள்?

என் அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். ரிக் ராஜஸ்தான் போனாலும் சத்தீஸ்கர் போனாலும் பின்னாலேயே இன்னொரு லாரி போகும். பைப், டீசல், ஸ்டவ், அரிசி, புளி, சமையல்காரர் எல்லாம் அதில். போகிற ஊரில் என்ன கிடைக்கும் என்று நம்பி யாரும் கிளம்புவதில்லை. இறங்கிய இடத்தில் அரை மணி நேரத்தில் வேலை ஆரம்பமாகிவிடும். கன்டெய்னரும் அவ்வளவுதான். அப்ளிகேஷனுக்கு வேண்டிய சாமானை எல்லாம் அதோடேயே கட்டி அனுப்புவது. கட்டி வைத்த மூட்டைக்குப் பேர் இமேஜ். ஒரு கம்ப்யூட்டரில் இறக்கி ஓடவிட்டால் அது கன்டெய்னர். என்னென்ன ஏற்றவேண்டும், எந்த வரிசையில் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், வரிசைப்படி அடுக்கடுக்காக ஏறும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர்.

என் முதல் இமேஜ் என் லேப்டாப்பில் ஓடியது. கிளையன்ட் சோதனைக்குக் கொடுத்த சர்வரில் செத்து விழுந்தது. என் லேப்டாப்பின் சிப் ஒரு ஜாதி, சர்வரின் சிப் வேறு ஜாதி. எந்தச் சிப்புக்காகக் கட்டுகிறோம் என்று கட்டும்போதே சொல்லியிருக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்க செவ்வாய்க்கிழமை மதியம் முழுக்கப் போனது. கடைசியில் அங்கேயும் ஓடியபோது அறுபது எம்பிதான் இருந்தது மொத்த மூட்டையும். கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் நின்றபடியே ஒரு குண்டான் தயிர்சாதத்தைக் காலி பண்ணினேன்.

அப்போதுதான் சுஹாஸ் வந்து எட்டிப் பார்த்தான். “நீ எதுக்கு ப்ரியா மொதல்லருந்து கட்டற? நம்ம பேஸ் இமேஜ் இருக்கு, அதுக்கு மேல உன் அப்ளிகேஷன வை. எல்லாரும் அதான் பண்றாங்க. அங்கிள் ரூல்.”

சரி என்று அவனுடைய பேஸ் இமேஜை இறக்கினேன். தொள்ளாயிரம் எம்பி. ஒரு லாரி போதும் என்கிற இடத்தில் பதினைந்து லாரி. அப்படி என்னதான் ஏற்றியிருக்கிறான்?

புதன்கிழமை காலை ஒவ்வொரு லேயராகப் பார்த்தேன். முதல் மூன்றும் ஒழுங்கு. நான்காவது லேயரில், ‘இந்த ஃபோல்டரில் இருக்கும் அத்தனையையும் ஏற்று’ என்று ஒரு வரி. ஐந்தாவது லேயரில், ‘மார்க்கெட்டிங் என்கிற ஃபோல்டரை அழி’ என்று இன்னொரு வரி.

இந்தத் தொழிலில் மார்க்கெட்டிங் என்றால் நாங்கள்தான். எங்களை விற்பது.

சுவரில் எழுதிய பழைய கட்சிச் சின்னத்தின் மேல் வெள்ளை அடித்தால், சின்னம் மறையுமே தவிரப் போகாது. லேயரும் அப்படியே. மேலே இருக்கும் அடுக்கில் அழித்தால், கீழே இருக்கும் அடுக்கில் அது பத்திரமாக இருக்கும். நான்காவது லேயரைத் தனியாகப் பிரித்தேன்.

நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவர் பேரிலும் ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் இரண்டு ரெஸ்யூமே: ஒன்று ‘ஒரிஜினல்’, இன்னொன்று ‘ஃபைனல்’. பாஸ்போர்ட் ஸ்கேன். விசா ஸ்கேன். அப்புறம் இன்டர்வியூ வீடியோக்கள், வாய் அசைவது ஒருவர், குரல் இன்னொருவர். என் பாஸ்போர்ட் முப்பத்தெட்டாவது. போட்டோவில் நெற்றியில் விபூதியோடு நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

இவர்களுக்கு மார்க்கெட்டிங்குக்கும் வகுப்புக்கும் ஒரே லேப்டாப், ஒரே ஃபோல்டர். அதைக் கண்ணை மூடிக்கொண்டு மூட்டை கட்டி, எல்லோரும் சுலபமாக எடுக்கட்டும் என்று பாஸ்வேர்ட் இல்லாத பொது இடத்தில் வைத்திருந்தான் சுஹாஸ். போதாததற்கு, அதன் மேலேயே தங்கள் வேலையைக் கட்டிக் கட்டி, ஒவ்வொரு கிளையன்ட் சர்வரிலும் கொண்டுபோய் ஏற்றியிருந்தார்கள் எங்கள் ஆட்கள். பொய் ரெஸ்யூமேயைக் கொடுத்த கையோடு உண்மையான ரெஸ்யூமேயையும் சேர்த்தே கொடுத்திருக்கிறோம்.

சிரிப்புதான் வந்தது முதலில். பாஸ்போர்ட்டுகளை நினைத்ததும் நின்றுவிட்டது.

அதனால்தான் வியாழன் காலை பத்தரைக்கு நான் அங்கிள் அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கிள் சமோசாவை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “ஏனம்மணி, ரெஸ்யூமேங்கறது பொண்ணு பாக்கறப்ப குடுக்கற போட்டோ மாதிரி. அதுல கொஞ்சம் வெளிச்சம் கூட்டறதுதான். உள்ளது உள்ளபடி எவன் அனுப்பறான்?”

“போட்டோல வெளிச்சம் கூட்டுனாலும் மூஞ்சி என்னுதா இருக்கணுமுங்க. நீங்க வேற யாரு மூஞ்சியோ வெச்சிருக்கீங்க.”

“வாய் பாரு.” அவர் சுஹாஸிடம் சொன்னார், சிரித்தபடி. என் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை. “உங்கப்பன் ரிக் வண்டியில வெயில்லயும் புழுதியிலயும் கெடந்து உன்னை இங்க அனுப்பியிருக்கான். நம்ம பக்கத்துப் புள்ளயாச்சேன்னுதான் உன்னைச் சேர்த்துக்கிட்டேன். வீட்டுல மொதல் பட்டதாரி. அடக்கமா நாலு காசு சம்பாரிக்கற வழியப் பாக்காம, நியாயம் பேசிட்டு நிக்கறே.”

“அடக்கமாத்தான் இருந்தேன், அஞ்சு வாரம். இப்ப ஒண்ணு காட்டறேன், பாத்துட்டுச் சொல்லுங்க.”

லேப்டாப்பை அவர் மேஜையில் சமோசாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “இது சுஹாஸோட பேஸ் இமேஜ். உங்க ரூல்படி இன்னிக்கு நான் கிளையன்ட்டுக்கு ஏத்தவேண்டியது இது மேல கட்டுனதுதான். இதுக்குள்ள மார்க்கெட்டிங் ஃபோல்டர் இருக்குங்க.”

சுஹாஸ் காபியை வைத்தான். “அங்கிள், அத நான் எப்பவோ டெலீட் பண்ணிட்டேன். அவ சும்மா பில்டப் குடுக்கறா.”

“அஞ்சாவது லேயர்ல டெலீட் பண்ணியிருக்க. நாலாவது லேயர்ல அப்படியே இருக்கு.”

“கன்டெய்னர ஓட்டிப் பாரு, ஃபோல்டரே தெரியாது.”

“ஓட்டிப் பாத்தா தெரியாது. பிரிச்சுப் பாத்தா தெரியும். நூத்தி நாப்பது கேள்வியில இது இல்லல்ல?”

நான்காவது லேயரைப் பிரித்தேன். பேர்கள் வரிசையாகத் திரையில் இறங்கின. அங்கிள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “இது நம்ம இனியன்ல? இவன் இப்ப டெக்சஸ்ல நல்லா செட்டிலாயிட்டானே.”

“அவரு பாஸ்போர்ட்டுங்க. இது கிரீன் கார்டுக்குக் குடுத்த பேப்பர். இந்த வீடியோல பேசறது அவரில்ல, சுஹாஸ்.”

அதைப் போட்டுக் காட்டினேன். இனியனின் உதடு ஒரு நொடி தாமதமாக அசைந்தது. அங்கிள் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்னியில் ஒரு ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை.

சுவரோரத்திலிருந்து ரக்ஷா கேட்டாள். “என்னுது இருக்கா?”

“பதினேழாவது. பாஸ்போர்ட், விசா, வீடியோ ரெண்டு.”

“போன வாரம் பிரின்ஸ்டன் கிளையன்ட்டுக்கு நான் ஏத்துனது?”

“அதுவும் இதுக்கு மேல கட்டுனதுதான் ரக்ஷா.”

அவள் எழுந்து சுஹாஸிடம் போனாள். அவள் அதட்டி நான் பார்த்ததில்லை. அன்றும் அதட்டவில்லை. “எடு. அந்தப் பப்ளிக் இடத்துலருந்து இப்பவே எடு. நான் பாக்கணும்.”

“ரக்ஷா, கொஞ்சம் இரு, அங்கிள் சொல்லட்டும்...”

“பாஸ்போர்ட் என்னுது சுஹாஸ். அங்கிளோடது இல்ல.”

அவன் அங்கிளைப் பார்த்தான். அங்கிள் தலையை லேசாக அசைத்தார். சுஹாஸ் டைப் செய்ய ஆரம்பித்தான். ரக்ஷா அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

அங்கிள் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். குரல் இறங்கியிருந்தது. “நல்ல காரியம் பண்ணுனே அம்மணி. மூளை இருக்கு உனக்கு. இத வெளிய பேசிக்க வேண்டாம். இன்னிக்கு இன்டர்வியூல சுஹாஸ் உனக்கு ஃபுல்லா பேசிருவான். வேலை உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்.”

“எனக்கு நானே பேசிக்குவேன். ரெஸ்யூமேவ மாத்துங்க.”

“சரி, ஏழு வேண்டாம். அஞ்சு போட்டுக்கலாம்.”

“சைபருங்க.”

“மூணு. மூணுக்குக் கீழ எந்தக் கிளையன்ட்டும் திரும்பிப் பாக்கமாட்டான்.”

“அங்கிள், இது தக்காளி இல்ல.”

சுஹாஸ் சிரித்துவிட்டான். ரக்ஷா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். “நீ டைப் பண்ணு.”

அங்கிளுக்கு முகம் சிவந்தது. “புரியாம பேசாத. ஏழு வருஷம்னு சொன்ன வாயால சைபர்னு சொன்னா, அந்தக் கம்பெனி என்னை இனிமே உள்ள விடுவானா? உன் ஒருத்திக்காக மத்த பசங்களோட பொழப்பக் கெடுக்கச் சொல்றியா?”

அவர் சொன்னதில் நியாயம் ஒரு துளி இருந்தது. என்னால் இன்னும் நாலு பேருக்கு அந்தக் கதவு சாத்தப்படலாம். அதை நான் நேற்றே யோசித்துவிட்டேன். ஆனால் அந்தக் கதவைச் சாத்தப்போவது நான் இல்லை. நாற்பத்தொரு பேர் பாஸ்போர்ட்டைத் தெருவில் வைத்தவர்கள் எப்போதோ சாத்திவிட்டார்கள். எவனாவது ஒருத்தன் பிரித்துப் பார்க்கவேண்டியதுதான் பாக்கி.

“அந்த நாப்பத்தொரு பேருக்கும் நீங்க சொல்லணும்” என்றேன். “அவங்க பேப்பர் வெளிய போயிருக்குன்னு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். எல்லாரோட மெயிலும் அதே ஃபோல்டர்ல இருக்கு.”

“மெரட்டறியா?”

“இல்லீங்க. சொல்லிட்டுச் செய்யறேன்.”

“அனுப்ப முடியாது. உன் சைபர் ரெஸ்யூமேவ என் கம்பெனி பேருல நான் அனுப்ப மாட்டேன். கிளையன்ட்டுகிட்ட நீ நேரா பேசவும் கூடாது, அது தெரியுமில்ல?”

தெரியும். அதுவும் ரக்ஷா சொல்லிக் கொடுத்த பட்டியலில் இருந்தது.

மணி பதினொன்று இருபது. அங்கிளின் மேஜையிலேயே, அவர் பார்க்கவே, என் அறுபது எம்பி இமேஜைக் கிளையன்ட் சர்வருக்கு ஏற்றினேன். நானே எழுதிய பதினொரு வரி. அதில் எங்கே கேட்டாலும் பதில் சொல்வேன். ஏறி முடித்ததும் மெயில் எழுதினேன்.

‘என் பேரில் உங்களுக்கு வந்த ரெஸ்யூமே தவறு. சரியானது இத்துடன் இருக்கிறது. எனக்கு வேலை அனுபவம் கிடையாது. நீங்கள் கேட்ட இமேஜை நானே கட்டி ஏற்றியிருக்கிறேன். இரண்டு மணிக்கு ஒவ்வொரு வரியையும் நானே விளக்குவேன். வேண்டாம் என்றால் அதற்கு முன் சொல்லிவிடுங்கள்.’

“அதத் தொட்டே, இங்க உனக்கு எடமில்ல” என்றார் அங்கிள்.

தொட்டேன். போய்விட்டது.

கீழே நகைக்கடையில் யாரோ ஷட்டரை ஏற்றும் சத்தம் கேட்டது.

“கெஸ்ட் ஹவுஸ் சாவி” என்றார்.

பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். துணிமணியைக் காலையிலேயே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, இந்த அறைக்கு வெளியே வராண்டாவில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன். அவர் என்ன பதில் சொல்வார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்று இருந்தது.

“பன்னண்டு நாள்தான் இருக்கு உனக்கு. யாரு வேலை குடுப்பான், சைபருக்கு?”

“தெரியலீங்க. கேட்டுப் பாக்கறேன்.”

ரக்ஷா சுஹாஸின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். “ரெண்டு மணிக்குக் கால். எங்கருந்துடி பேசப்போற?”

“லைப்ரரி. ரூம் புக் பண்ணிட்டேன்.”

“சாயங்காலம்?”

“ஹாரிசன்ல கயல் ரூம். க்ளாஸ்மேட். தரையில படுத்துக்கலாம்னா.”

“இத முடிச்சுட்டு நான் ஃபோன் பண்றேன்” என்றாள். அப்புறம் சுஹாஸிடம், “கேஷ்ல ஒரு காப்பி தங்கும்னு இப்ப சொன்னியே, அது என்ன? அதுலயும் இருக்குமா? காட்டு” என்றாள்.

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். அங்கிள் ஃபோனை எடுத்து யாரையோ தேடிக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு பேருக்கும் எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரி எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. கதவைத் திறந்து, வராண்டாவில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். மணி பதினொன்று முப்பத்தைந்து. லைப்ரரிக்கு நடந்தால் நாற்பது நிமிடம். நடந்தே போனேன்.